பிரசவ ஆஸ்பத்திரி மாடியில் ஒரு குளம்

கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அதில் ஓர் அரச இலை மிதந்துகொண்டிருந்தது. என் கையில் கடப்பாரை. தெருமுனையில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது.

நான் நின்றது கண்மாயில் இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பழைய பிரசவ ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில். முந்தின நாள் பொழுது சாயப் பிடித்த ஐப்பசி மழை, விடியும்போதுதான் விட்டிருந்தது. பெய்த தண்ணீர் அத்தனையும் வழியாமல், வடியாமல் மாடியிலேயே குளமாக நின்றது. அதற்குக் காரணம் நான்தான்.

"அண்ணே, என்ன செஞ்சு வச்சிருக்கீக?"

ஏணியின் உச்சியில் மாரீஸ்வரியின் தலை மட்டும் தெரிந்தது. கண்கள் அப்படியே விரிந்து போயிருந்தன.

"பாத்துக்கிட்டே நிக்காத. இன்னொரு கடப்பாரை எடுத்துட்டு வா. ஓட்டையத் திறந்து விட்டுருவோம்."

"இனிமே எங்க திறக்க? அவரு வந்துட்டாரு."

அவர் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர். அந்தக் கட்டடம் நிற்குமா, இடிபடுமா என்பது அன்றைக்கு அவர் எழுதப்போகும் ஒரு தாளில் இருந்தது.

இந்தப் பக்கங்களை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வரி: பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த பாண்டி நான். கோபக்காரன், கேரம் பைத்தியம். போன வாரம் எழுதிய கேண்டீன் சண்டையில் நான் வீராதிவீரன் போலத் தெரிவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த வாரம் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

எல்லோரும் பிறந்த வீடு

அந்த ஆஸ்பத்திரியில்தான் என்னை என் அம்மா பெற்றாள். எங்கள் தெருவில் அப்போது முப்பது வயதுக்குக் கீழே இருந்த முக்கால்வாசிப் பேர் அங்கே பிறந்தவர்கள். புது ஆஸ்பத்திரி வேறு பக்கம் வந்ததும் இதைப் பூட்டிவிட்டார்கள். ஆறேழு வருஷம் அப்படியே கிடந்தது.

முன்னால் ஒரு தாழ்வாரம், உள்ளே நீளமாக ஒரு கூடம், பக்கத்தில் இரண்டு அறைகள். சுவரில் அரசங்கன்று முளைத்து, வேர் விரல் தடிமனுக்கு உள்ளே இறங்கியிருந்தது. கூடத்தின் நடுவில் பெரிய இரும்பு மேசை ஒன்றை யாரும் தூக்க முடியாமல் விட்டுப் போயிருந்தார்கள். மழைக்காலத்தில் சுவர் ஊறினால் அதிலிருந்து லேசாகப் பினாயில் வாசம் வரும்.

எண்பதுகள் முடியப்போகிற சமயம் அது. எங்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கு, வெங்கட்ராஜாவுக்கு, இன்னும் ஏழெட்டு மில் பையன்களுக்கு. வெங்கட்ராஜா தெலுங்கு பேசுகிற வீட்டுப் பையன், என் கேரம் கூட்டாளி. டீக்கடை பெஞ்சில் போர்டை வைத்து ஆடுவோம். வியாபாரம் கெடுகிறது என்று கடைக்காரர் ஒருநாள் பெஞ்சில் தண்ணீரை ஊற்றிவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தோம். இளைஞர் மன்றம் ஆரம்பித்து, பூட்டிக் கிடக்கும் ஆஸ்பத்திரியைக் கேட்பது.

மனு எழுதிக்கொண்டிருந்தபோது மாரீஸ்வரி வந்தாள். வயது இருபத்தொன்று இருக்கும். பேண்டேஜ் கம்பெனியில் துணியை விரித்து மடித்து உருட்டும் பிரிவில் வேலை. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள். அவளைப்போலவே படிப்பு பாதியில் நின்ற பெண்கள் பத்துப் பேர் அவளோடு இருந்தார்கள். மூன்றரை மணிச் சங்கு ஊதி ஷிப்டு விட்டதும் பதினொரு பேரும் ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்து படிப்பார்கள். சரக்கு வரும் நாளில் அங்கிருந்து விரட்டுவார்கள். கோயில் மண்டபத்துக்குப் போனால் அங்கே சீட்டாட்டம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, நானும் அதில் ஒருவன்.

"எங்க பேரையும் மனுவுல சேத்துக்கோங்க" என்றாள்.

"மன்றம்னா ஆம்பளப் பசங்களுக்கு" என்றான் வெங்கட்ராஜா.

"ஒங்களுக்கு டீக்கடை இருக்கு, பாலத்துச் சுவரு இருக்கு, கிரவுண்டு இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?"

"அதுக்காக? பொம்பளப் பிள்ளைக வந்தா ஊரு என்ன பேசும்?"

"பொறக்கும்போது ஆம்பளைக்கு ஒரு ரூம்பு, பொம்பளைக்கு ஒரு ரூம்புன்னா பிரிச்சு வச்சாக? எல்லாரும் அந்த ஒரே ரூம்புலதான பொறந்தோம்?"

வெங்கட்ராஜா என்னைப் பார்த்தான். "ஏமிரா இது, நீயாவது பதில் சொல்லேன்" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் இல்லாதபோதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் மனுவில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். மன்றத்துக்குச் செயலாளர் யார் என்று பேச்சு வந்தபோது, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை. அவளே செயலாளர் ஆனாள்.

ஒரு சொட்டு

மனுக் கொடுத்த ஆபீஸில், கட்டடம் இடிக்கும் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். உறுதியாக இருக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் மட்டும் மன்றத்துக்கு விடுவார்களாம்.

நானும் மாரீஸ்வரியும் வெங்கட்ராஜாவும் பஸ் ஏறினோம். இரண்டு தடவை போயும் ஆளைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் தடவை வெறுங்கையோடு போகக்கூடாது என்று வெங்கட்ராஜா ஒரே பிடிவாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவே வாங்கினான். ஆபீஸ் வாசலில் அதை மாரீஸ்வரி பிடுங்கிக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் நாங்களே தின்றோம். நல்ல பால்கோவா.

இன்ஜினியர் ஒல்லியான மனிதர். மேசைக் காற்றாடியில் தாள் பறக்காமல் இருக்க ஒரு செங்கல் துண்டை வைத்திருந்தார். மனுவைப் படித்தார், எங்களைப் பார்த்தார், மாரீஸ்வரியிடம் மட்டும் பேசினார்.

"அந்தக் கட்டடம் எனக்குத் தெரியும்மா. செவுரு நல்ல செவுரு. தேக்கு உத்தரம். ஆனா கூரை ஒழுகுது. ஒழுகுனா உத்தரம் இத்துப்போகும். பொம்பளப் பிள்ளைகள உக்கார வச்சு நாளைக்குத் தலையில விழுந்தா நான்ல பதில் சொல்லணும்?"

"ஒழுகாம செஞ்சிட்டா சார்?"

"வாயால சொன்னா எழுத முடியாது. ஐப்பசி மழை பெய்யட்டும். பெஞ்ச மறுநாள் நானே வாரேன். ஒரு சொட்டு எறங்கியிருந்தாலும் இடிக்கத்தான் எழுதுவேன். எறங்கலேன்னா ஒங்களுக்கு எழுதுவேன்."

திரும்பும் பஸ்ஸில் மாரீஸ்வரி எனக்கு முன் சீட்டில் இருந்தாள். எங்களுக்கு இது போனால் மறுபடி டீக்கடைக்காரர் காலில் விழலாம். அவளுக்கும் அந்தப் பத்துப் பேருக்கும் போக்கிடம் கிடையாது. அந்த வருஷம் பரீட்சை எழுதாவிட்டால் ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொடுத்துவிடுவார்கள், பிறகு புத்தகத்தைத் தொட முடியாது. அது எனக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் திடீரென்று கேட்டாள்: "அண்ணே, கம்பெனியில கழிச்சுப் போடுற துணிய என்ன செய்றாக?"

கடைசிப் பிரசவம்

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சங்கதி. சாவி வாங்கி, பூட்டைத் திறந்து உள்ளே போனால், பக்கத்து அறையில் வெள்ளை நாய் ஒன்று குட்டி போட்டுக் கிடந்தது. எங்கள் ஊர் நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் உறுமல்தான், வெங்கட்ராஜா தெருவில் நின்றான்.

கம்பெடுத்து விரட்டலாம் என்று நான் கிளம்பினேன். மாரீஸ்வரி குறுக்கே நின்றாள்.

"இது பிரசவ ஆஸ்பத்திரிண்ணே. பெத்துக் கிடக்கிறவள வெளிய தள்ளுவீகளா?"

குட்டிகள் நடக்கும்வரை அந்த அறையை விட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தோம். அவள் தினமும் ஒரு சட்டியில் பழைய சோறு கொண்டுவந்து வைத்தாள். இரண்டாம் வாரமே நாய் அவள் வந்தால் வாலாட்டியது. என்னைப் பார்த்தால் மட்டும் கடைசிவரை உறுமியது. ஆள் பார்த்துத்தான் உறுமியிருக்கிறது.

சுருக்கம் விழக்கூடாது

அவள் யோசனை இதுதான். மாடியைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, தாரைக் காய்ச்சி ஊற்றி, அதன்மேல் பேண்டேஜ் துணியை விரித்து, மறுபடி தார், மறுபடி துணி. மூன்று அடுக்கு. வலைபோன்ற துணி தாரைக் குடித்துக் காய்ந்தால் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கம்பெனியில் கறை பட்டது, இழை பிரிந்தது என்று கழித்த துணியைக் கேட்டதும் கொடுத்தார்கள். ரோடு போடுகிறவர்களிடம் மிஞ்சிய தாரை வெங்கட்ராஜா எப்படியோ வாங்கிவிட்டான்.

முதல் நாள் நாங்கள் பையன்களாகவே ஏறினோம். பெண்கள் மாடி ஏற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மத்தியானம் மாரீஸ்வரி ஏறி வந்து பார்த்தாள். குனிந்து ஒரு துணியைத் தடவினாள்.

"இம்புட்டு சுருக்கம் இருக்கு. சுருக்கத்துக்குள்ளதான் தண்ணி போவும்."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு இதுதாண்ணே தெரியும். ஒரு நாளைக்கு ஆயிரம் கெஜம் சுருக்கமில்லாம விரிக்கிறது யாரு, நீங்களா?"

மாடியை விட்டு இறங்கினேன். பதினொரு பேரும் ஏறினார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று துணியைப் பிடித்தார்கள். ஒரு உதறல், ஒரு இழுப்பு. காற்றில் ஒரு நொடி நின்று, தார் மேல் துணி படிந்தது. ஒரு மடிப்பு இல்லை. ஒவ்வொரு துணியும் முந்தினதன்மேல் கையகலம் ஏறியிருந்தது. யாரும் அளக்கவில்லை, கை தானாக அந்த இடத்தில் நின்றது. நாங்கள் தாரைக் காய்ச்சி ஏணியில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். உள்ளங்காலில் கொப்புளம் வந்ததை ஒருத்தியும் சொல்லவில்லை. மறுநாள் கம்பெனியில் நொண்டுவதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் அவர்களிடம் தோற்றேன். தோற்றதில் எனக்குச் சந்தோஷம் என்று இப்போது சொல்ல முடிகிறது.

கடைசி வேலை எனக்கு. கைப்பிடிச் சுவர்களில் இருந்த அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்கி, ஓட்டைகளை அடைக்க வேண்டும். வெளுப்புப் பட்டறையில் என் வேலையே அதுதான். துணி அவிக்கும் கொப்பரையில் நீராவி எங்கே கசிந்தாலும் துணி பழுப்பாக வெளியே வரும். ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

சுவரடியில் ஆறு ஓட்டைகள் இருந்தன. எல்லாவற்றிலும் வேர், மண், குப்பை. ஆறையும் சுத்தம் செய்து, துணியைத் தாரில் முக்கித் திணித்து, சிமெண்டு பூசி, அதன்மேல் தாரும் தடவினேன். அவ்வளவு அழகாக அடைத்தேன். அதில் இரண்டுதான் வேர் துளைத்துப் போட்ட ஓட்டை. மற்ற நாலும் மழைத்தண்ணீர் வெளியே போகக் கட்டிய வழிகள். வெளியே நீட்டியிருந்த குழாய் எப்போதோ உடைந்து விழுந்திருந்ததால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எவன் செஞ்ச வேலை?

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

இன்ஜினியர் ஏணியில் ஏறினார். தலை மேலே வந்தது, நின்றது. தண்ணீரைப் பார்த்தார், கடப்பாரையோடு நிற்கும் என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"தண்ணி போற வழிய எவன் அடச்சான்? எவன் செஞ்ச வேலை இது? எம்புட்டு எடை நிக்குதுன்னு தெரியுமா? இடிச்சிட்டுப் போங்கடா, நான் எதுக்கு எழுதணும்?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். கேண்டீன் சண்டையில் நாலு பேரை எதிர்த்து நின்ற அதே வாய்தான்.

"நான்தான் சார் அடைக்கச் சொன்னேன்." ஏணியடியிலிருந்து மாரீஸ்வரியின் குரல் வந்தது.

அவள் சொல்லவில்லை. நான் அடைத்ததை அவள் பார்த்ததுகூட இல்லை.

"செயலாளரா நீ? படிக்கணும்னு வந்த பொண்ணுதான? இந்த அறிவு வேண்டாம்?" அவர் விடாமல் திட்டினார். அவள் தலை குனியாமல் நின்று கேட்டுக்கொண்டாள். நான் மேலே தண்ணீரில் மரம் மாதிரி நின்றேன். அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னையும் இறங்கச் சொல்லிவிட்டு அவர் கூடத்துக்குள் போனார். ஷிப்டுக்குப் போகவேண்டிய பெண்கள் பத்துப் பேரும் பெர்மிஷன் சொல்லிவிட்டுச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கையில் கணக்குப் புத்தகம் இருந்தது.

அவர் டார்ச் அடித்து உத்தரம் உத்தரமாகப் பார்த்தார். மூலைகளைப் பார்த்தார். திட்டு நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இரும்பு மேசைமேல் ஏறி, கூரையில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்த சுண்ணாம்பு பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. ஈரம் இல்லை. இன்னொரு இடத்தில் தடவினார். அங்கேயும் பொடிதான்.

மேசைமேல் நின்றபடியே எங்களைப் பார்த்தார்.

"ஒரு கூரைய நாங்க சோதிக்கணும்னா என்ன செய்வோம் தெரியுமா? தண்ணியக் கட்டி நிப்பாட்டிப் பாப்போம். நீங்க ராத்திரி பூரா ஒரு குளத்தையே நிப்பாட்டியிருக்கீங்க. ஒரு சொட்டு எறங்கல." குரல் மாறியிருந்தது. "நான் பாத்ததுல இப்படி ஒரு கூரை வேலை கிடையாது. யாரும்மா செஞ்சது?"

"துணி விரிச்சது நாங்க பதினோரு பேரு சார். தார் எடுத்துக் குடுத்தது வெங்கட்ராஜா அண்ணனும் மத்த பசங்களும்." கையை என் பக்கம் நீட்டினாள். "தண்ணி நிக்க ஓட்டைய அடச்சது பாண்டி அண்ணன்."

இன்ஜினியர் கண்ணைச் சுருக்கினார். "செத்த நேரம் முந்தி நீதான் அடைக்கச் சொன்னதா சொன்ன?"

"அது திட்டு வாங்குறதுக்கு சார்."

அவர் சிரித்துவிட்டார். மேசையிலிருந்து இறங்கி, அதன்மேலேயே தாளை வைத்து எழுதினார். போகும்போது என் தோளைத் தட்டினார். "மொத வேலையா அந்த நாலு ஓட்டையத் தெற. இன்னொரு மழை பெஞ்சா என் காயிதம் நிக்கும், கட்டடம் நிக்காது."

உடனே திறக்கப் போனேன். பெண்கள் விடவில்லை, செத்த நேரம் பார்த்துக்கொள்கிறோம் என்று ஏறிவிட்டார்கள். பாவாடையைத் தூக்கிப் பிடித்து வரிசையாகத் தண்ணீரில் நின்றார்கள். மேற்கே மலை கழுவிவிட்ட மாதிரி பச்சையாக இருந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பில் தெரு ஜனம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. ஊர் என்ன பேசும் என்று அன்று வெங்கட்ராஜாகூடக் கேட்கவில்லை.

பிறகு நாலு வழியையும் திறந்தேன். தண்ணீர் நாலு பக்கமும் பீறிட்டு விழுந்தது.

ஐப்பசி

மூன்றரைச் சங்கிலிருந்து ஆறு மணிவரை பெண்கள், அதற்குப் பிறகு நாங்கள் என்று ஏற்பாடு. தொண்ணூறுகளில் டைப்ரைட்டர் வந்தது, பேப்பர் வந்தது, சேத்தூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள். கேரம் போர்டு அந்த இரும்பு மேசைமேல்தான். அவ்வளவு சமமான மேசை ஊரில் வேறு கிடையாது.

பதினொரு பேரில் ஏழு பேர் முதல் தடவையே தேறினார்கள். மாரீஸ்வரி அதில் இல்லை, மறுபடியும் கணக்கு. தேறிய ஏழு பேருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தது அவள்தான். அடுத்த தடவை எழுதித் தேறினாள். அப்புறம் வன்னியம்பட்டிப் பக்கம் பால்வாடியில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி ஸ்ரீவில்லிபுத்தூரோடு போய்விட்டாள்.

போவதற்கு முன்னால் ஒருநாள் அவளிடம் கேட்டேன். கேட்கவே எனக்கு ரொம்ப நாளானது. "அன்னைக்கு என் பழிய நீ ஏன் ஏத்துக்கிட்ட?"

"நீங்க திட்டு வாங்கியிருந்தா கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பீக. பொறவு அடுத்த ஐப்பசிக்கு யாரு மாடி ஏறுவா?"

என்னை அவ்வளவு சரியாக யாரும் எடை போட்டதில்லை.

நான் ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆயிற்று. இப்போது மன்றத்தில் இருப்பவர்களுக்கு என் பேர் தெரியாது, ஓட்டைத் தாத்தா என்றால் தெரியும். ஐப்பசி பிறக்கும் முன்னால் ஏணியைச் சாத்தி ஏறி, நாலு வழியிலும் கையை விட்டு இலை, மண் எல்லாம் எடுத்துவிடுவேன். முழங்கால் வேண்டாம் என்கிறது, கேட்பதில்லை.

மேற்கே மலையில் மழைக் கருக்கல் கட்டியதும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வரும். சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். முதல் பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"அண்ணே, ஓட்டையப் பாத்தாச்சா?"

"மாடியில நின்னுக்கிட்டுத்தான் பேசுதேன் தாயி" என்பேன்.